இருபத்தெட்டு லென்ஸும் ஒரு சாவு வீட்டுப் படமும்

இந்த ஃபோட்டோ கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும், வேறு கடைகளில் கேமராவைத் தோளில் மாட்டத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை முப்பது வயதில் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிற மாதம் பட்டர்வொர்த்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை திறக்கிறேன். சூலியா தெருவில் என் காலம் இதோடு முடிகிறது. "போறதுக்கு முன்னாடி பசங்களுக்கு அந்த டிஜிட்டலைப் பத்தி எழுதி வச்சிட்டுப் போ" என்று முதலாளி சொன்னார். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் எழுதப்போவதில்லை. அது கேமராவோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மற்றது புரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஜெலுத்தோங் சந்தையில் மீன் கூடை இறக்கியவர். வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லிலிருந்து அரசாங்கக் கடிதம் வரை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். "அதுல அப்படித்தாம்பா போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டால் அப்பா மறுபேச்சு பேசமாட்டார். அப்படியே எனக்கும் அச்சில் இருப்பதன்மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. கேமரா வேலைக்கு வந்த பிறகு அந்தப் பக்தி லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் எண்களின்மேல் திரும்பியது.

எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பெரிதானால் குறுகலாக, ஆனால் கிட்டத்தில் பார்க்கும். இருபத்தெட்டை மாட்டினால் ஒரு அறையையே அள்ளிவிடலாம். இருநூறை மாட்டினால் மேடையில் நிற்கும் ஆள் நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்பார். ஒவ்வொரு வருடமும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை விருந்துக்கு நான்தான் போவேன். ஒரு லைனில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரையும் சேர்த்து ஒரே படம் கேட்பார்கள். இருபத்தெட்டோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் எதிரே எத்தனை பேர் அடங்குவார்கள் என்று கேமராவைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். "தம்பி கண்ணுக்குள்ளயே அளவு டேப் வச்சிருக்கு" என்று அக்காமார் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கும் இந்த வருடத்தில்தான் முதலாளி யாரையும் கேட்காமல் அந்த டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்தார். கடையில் இருக்கிற பழைய லென்ஸ் எல்லாம் இதிலும் மாட்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. முதன்முதலில் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அதை எடுத்துப் போனோம். இருநூறை மாட்டினேன். திடலின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையின் முகத்தில் வழியும் வியர்வைகூடத் தெரிந்தது. ஃபிலிம் கேமராவில் அதே லென்ஸ் அவ்வளவு கிட்டே இழுத்ததில்லை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, லென்ஸ் தானா வளந்திருச்சு லா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு பக்கம் கிட்டே வருகிறது என்றால் இன்னொரு பக்கம் ஏதோ கைவிட்டுப் போகிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கடைக்குத் தொலைபேசி வந்தது. பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருக்கும் ஒருவர் பேசினார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். டிஜிட்டல் கேமராவோடுதான் வரவேண்டும் என்றார்.

அவர்கள் யாழ்ப்பாணக் குடும்பம். இறந்தவர் அந்த நாளில் இளைஞராக இங்கே வந்து அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். சொந்தங்கள் லண்டனிலும் கனடாவிலும் சிதறிக் கிடந்தார்கள். அவருடைய அக்கா ஒருவர் உள்நாட்டுப் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார். பயணம் செய்யும் வயதைத் தாண்டியவர். தம்பி போய்விட்டார் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதை அன்று மாலையே ஈமெயிலில் அனுப்பிவிட வேண்டும் என்று மூத்த மகனான அந்தப் பொறியாளர் நினைத்தார்.

இந்த வழக்கம் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். சவப்பெட்டியை மூடுமுன் குடும்பம் முழுவதும் இறந்தவரைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எனவே மனைவியும் மகள்களும் மருமகள்களும் அவரோடு சேர்ந்து நிற்கும் கடைசிப் படம் அதுதான். வரமுடியாத சொந்தங்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுவார்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். கல்யாணப் படம் கெட்டுப்போனால் மாப்பிள்ளை பெண்ணை மறுபடி நிற்க வைத்துவிடலாம். இதற்கு மறுபடி என்பது கிடையாது.

கிரீன் லேன் பக்கம் ஒரு வரிசை வீடு. ஃபிலிம் கேமரா அன்று ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது. என்னிடம் டிஜிட்டல், ஒரு ஃபிளாஷ், என் இருபத்தெட்டு. வரிசை வீட்டுக் கூடத்துக்கு அது போதும் என்று எனக்கு நிச்சயம். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போலக் கண்ணாலேயே அளந்துகொண்டேன்.

அழுது களைத்த வீடு அது. ஒரு ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெண் வந்து, "காப்பித்தண்ணி குடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். அந்த வீட்டில் மற்றவர்கள் பேசிய தமிழ் அல்ல அது, எங்கள் அம்மா பேசும் தமிழ். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ். அவர்தான் மூத்த மகனின் மனைவி. கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் என்றும், மாமனார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியது இவர்தான் என்றும் வாசலில் இருந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கல்யாணம் ஆன புதிதில் இவருடைய படத்தை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பக்கூட இல்லையாம். அதையும் அவர்களேதான் சொன்னார்கள், குரலைத் தணிக்காமலே.

சடங்கு முடிந்தது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். ராகு காலம் தொடங்குமுன் உடலை எடுத்துவிட வேண்டும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். சவ வண்டி வாசலில் நின்றது.

வீடு வடக்கே பார்த்தது. தலை தெற்கே இருக்க வேண்டும் என்பதால் பெட்டி கூடத்தின் நீளவாக்கில் கிடந்தது. கால் வாசல் பக்கம், தலை சமையலறைப் பக்கம், தலைமாட்டில் குத்துவிளக்கு. பெட்டிக்கு அந்தப் பக்கம் குடும்பம் வரிசையாக நின்றது. வாசல் ஓரத்தில் இறந்தவரின் தம்பி, நடுவில் நாற்காலியில் இறந்தவரின் மனைவி, சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அந்தக் கடைசியில், விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மூத்த மருமகள். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான். முதுகுக்குப் பின்னால் அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவர்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். வரிசையின் இரண்டு ஓரத்தையும் காணவில்லை.

சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். லென்ஸைத் திருகிப் பார்த்தேன். வளையத்தில் இருபத்தெட்டு என்றுதான் இருந்தது. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அச்சில் இருந்த ஒன்று என்னைக் கைவிட்டது. என்ன நடக்கிறது என்று யோசிக்கவும் நேரமில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, எல்லாரும் ஒரே படத்துல வரமாட்டாங்க போல."

இறந்தவரின் தம்பி என்னைப் பார்த்தார். இரண்டு இரவுகள் தூங்காத கண்கள். சற்று முன்னால்தான் அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு அங்கேயே நின்று விசும்பியவர். அவர் வரிசையைக் கண்ணால் ஒருமுறை ஓட்டி அந்தக் கடைசியில் நிறுத்தினார்.

"எல்லாரும் வரவேணும் எண்டில்லைத் தம்பி. அந்தக் கரையில நிக்கிறவை கொஞ்சம் விலகட்டும். பிள்ளையள் வந்தாப் போதும்."

மூத்த மகன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. பழகிப்போன ஒன்றைச் செய்பவர் போல நடந்தார்.

தம்பி தங்கைகளே, நம் வேலையில் சிக்கலான நேரம் இதுதான். என் கேமராவின் குறை, ஒரு நொடிக்குள் அந்த வீட்டின் தீர்ப்பாக மாறிவிட்டது. நான் பொத்தானை அழுத்தினால் லண்டனும் கனடாவும் கொழும்பும் அந்தத் தீர்ப்பைத்தான் பார்க்கும். அதற்காக நான் வாதாடவும் முடியாது. சாவு வீட்டில் கூலிக்கு வந்தவன் குடும்ப நியாயம் பேசினால் நடப்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணோடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்புவார்கள்.

இரண்டாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டலாமா என்று நினைத்தேன். ஒட்டு இறந்தவரின்மேல் விழும். வரிசையை நெருக்கலாமா என்றால், ஏற்கெனவே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நின்றார்கள். பின்னால் போக இடமில்லை. இந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு யோசித்தால் இதற்குமேல் ஒன்றும் வராது என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரைவிட்டு விலகினேன். கூடத்தின் நீளத்தைப் பார்த்தேன். வாசல் இரும்புக்கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் கூடாரம், அதற்கு அப்பால் தெரு.

முதலில் அந்தப் பெண்ணைத்தான் நிறுத்தினேன். "அக்கா, விளக்கை விட்டுப் போகாதீங்க. காத்தாடி சுத்துது, அணைஞ்சிரும்." அது பொய்யுமல்ல. விளக்கு அணையக்கூடாது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அவர் நின்றார்.

பிறகு தம்பிக்காரரிடம், இது கேமராவின் கோளாறு, ஐந்து நிமிடம் கொடுங்கள், வாசலிலிருந்து எடுத்தால் எல்லாரும் வருவார்கள் என்றேன். அவருக்குத் திக்கென்றது. "கால்மாட்டில நிண்டோ படம் எடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். கிட்டத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் பாதம் மட்டும் பூதம்போலப் பெரிதாகத் தெரியும், முகம் எங்கோ போய்விடும். அப்போதுதான் மூத்த மகன் தலையை நிமிர்த்தினார்.

"சித்தப்பா, நாங்கள் எல்லாரும் அப்பாட கால்லதானே கும்பிட்டம். அங்கயிருந்து பாத்தா என்ன?"

கூடாரத்துக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சீனர்கள் இரண்டு பேர், நான் கேட்காமலே நாற்காலிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். தெரு ஓரம்வரை பின்னுக்குப் போனேன். வரிசையில் பாதிப் பேரை, நான் முதலில் நின்றிருந்த சுவர்ப் பக்கம் வரச் சொன்னேன். இப்போது குடும்பம் பெட்டியின் இரண்டு பக்கமும் விரித்த புத்தகம்போல நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது பாதம் பாதமாகவே இருந்தது. பட்டு வேட்டிக்கு மேலே மாலை, மாலைக்கு மேலே அவர் முகம். எல்லாம் அதனதன் அளவில்.

இன்னொன்றையும் அப்போதுதான் கண்டேன். பக்கவாட்டில் நின்று பார்த்தபோது ஓரம் என்று இருந்த தலைமாடு, வாசலிலிருந்து பார்த்தால் படத்தின் நட்டநடு. அங்கே விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலோடு அந்தப் பெண். நான் அதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை. எல்லாரும் அடங்க வேண்டும் என்றுதான் பின்னுக்குப் போனேன். மற்றது தானாக நடந்தது.

தம்பிக்காரரும் அதைக் கண்டுகொண்டார். பேரப்பிள்ளைகளைச் சரியாக நிறுத்துவதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "மூத்தவள் விளக்கடிக்கு வரட்டும். அவ இஞ்சால வரட்டும்" என்றார். மூத்தவள் என்று அவர் சொன்னது இறந்தவரின் மகளை; 'அவ' என்றது மருமகளை, விளக்கைவிட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லி.

காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, கணவரின் கையைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே சொன்னார்.

"நிக்கட்டும்."

அவ்வளவுதான். ஐயர்கூட அவசரப்படுத்துவதை நிறுத்திவிட்டார். சாவு வீட்டில் 'ரெடி' என்றோ 'இங்கே பாருங்கள்' என்றோ சொல்லக்கூடாது. இதை நீங்களும் நினைவில் வையுங்கள். கையை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். தூக்கினேன். பார்த்தார்கள். எடுத்தேன்.

கடைக்கு வந்ததும் முதலாளியிடம் லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்றேன். ஃபிலிம் கேமராவும் திரும்பி வந்திருந்தது. இரண்டு பேரும் கடை வாசலில் நின்று, அதே இருபத்தெட்டை ஒருமுறை அதில், ஒருமுறை இதில் மாட்டி, எதிரே இருந்த பணம் மாற்றும் கடையின் பலகையைப் பார்த்தோம். ஃபிலிமில் பலகையோடு இரண்டு பக்கத்துக் கடைகளும் வந்தன. டிஜிட்டலில் பலகை மட்டும். போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "அட, அப்ப அன்னிக்கு லென்ஸ் வளரலையா?" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு புத்தகத்தை வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொண்டது இது. லென்ஸ் தோசை வார்ப்பதுபோலப் படத்தை வட்டமாகத்தான் கேமராவுக்குள் வார்க்கிறது. ஃபிலிம் அந்தத் தோசையிலிருந்து ஒரு பெரிய துண்டை வெட்டி எடுக்கிறது. டிஜிட்டலில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சில்லு சின்னது. அது நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டைத்தான் எடுக்கிறது. தோசை மாறவில்லை, ஓரம்தான் போகிறது. நம் கேமராவில் கணக்கு ஒன்றரை மடங்கு. இருபத்தெட்டு நாற்பத்திரண்டுபோலப் பார்க்கும். இருநூறு முந்நூறுபோலப் பார்க்கும். லென்ஸ்களில் நான் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி எண்கள் அவைதான், கிழித்துவிடாதீர்கள். ஆனால் பாதம் பெரிதாகத் தெரிவதும் முகம் சரியாகத் தெரிவதும் எந்த எண்ணிலும் இல்லை. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்த வீட்டு வாசல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அந்தப் பெண் கடைக்கு வந்தார். கையில் ஒரு மரச்சட்டம். கூலிமில் இருக்கும் தன் அம்மாவுக்கு அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டுமாம். படம் போய்ச் சேர்ந்ததும் கொழும்பிலிருந்து இறந்தவரின் அக்கா கூப்பிட்டதைச் சொன்னார். தொலைபேசியை எடுத்தது சின்ன மாமா, அதாவது இறந்தவரின் தம்பி. விளக்கடியில் நிற்கிற பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறார் கொழும்பு அக்கா. சமையலறையில் இருந்த இந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாராம்.

"என்ன சொல்லப்போறாரோன்னு இருந்துச்சு தம்பி. 'மூத்தவன்ர மனுசி. அண்ணனைக் கடைசிவரைக்கும் பாத்தது அவதான்' அப்படின்னாரு. அப்புறம் போனை மாமிகிட்ட குடுத்துட்டு வெளிய போய் நின்னுக்கிட்டாரு."

சட்டத்தை அளந்தேன். எட்டுக்குப் பத்து அங்குலம். நம் படம் அதைவிட நீளமான வடிவம். சட்டம் நிறையப் போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும். அதைச் சொல்லி, படத்தின்மேல் இரண்டு காகிதத் துண்டுகளை வைத்து எதுவரை வரும் என்று காட்டினேன். நடுவில் விளக்கும் அவரும் நன்றாகப் பெரிதாக இருந்தார்கள். இடது காகிதத்துக்கு அடியில் மறைந்துபோனவர் வாசல் ஓரத்தில் நின்ற சின்ன மாமா.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவிட்டார்.

"அவரும் நிக்கட்டும் தம்பி. வேற மாதிரி போட்டுக் குடுங்க."

படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, மேலும் கீழும் வெள்ளை விட்டு, ஒருவரும் வெட்டுப்படாமல் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தில் வைத்துக் கண்ணாடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இருக்காங்க" என்றார். அதற்குப் பிறகு நான் போட்ட குடும்பப் படங்கள் எல்லாவற்றுக்கும், யாரும் கேட்காமலே, அந்த வெள்ளையை விட்டுத்தான் போட்டிருக்கிறேன்.